ஏழாவது விதி

நூற்று முப்பத்தேழு கதைகள் வந்திருந்தன.
பதினான்கில் தாய் இறந்திருந்தாள்.
ஒன்பதில் மகன் விமானத்தைத் தவறவிட்டான்.
மழை, அநேகமாக எல்லாவற்றிலும்.

பெயரை மறைத்து எண் ஒட்டி
நடுவர்களுக்கு அனுப்புவது என் வேலை.
பட்டர்வொர்த் கிளினிக்கில் பகலெல்லாம்
'சாப்பாட்டுக்குப் பின்' ஒட்டுகிற கைக்கு
இது ஒன்றும் புதிதில்லை.

எண்பத்திரண்டாம் உறை மெடானிலிருந்து.
மொழி தமிழ்தான்.
எழுத்து நம் எழுத்தில்லை;
பெட்ரோல் ரசீதில் இருக்குமே, அது.

ஏழாவது விதி:
படைப்பு தமிழ் எழுத்திலேயே அமைதல் வேண்டும்.
அந்த ஏகாரம் என்னுடையது.
போன ஆண்டு ஒருவர் கதையைப்
பேசிப் பதிந்து அனுப்பிய எரிச்சலில் சேர்த்தேன்.

ஒதுக்கும் முன் ஒரு வரி.
வாய்விட்டுப் படித்தால்தான் விளங்கியது:
'சாவு வீட்லேர்ந்து நாக்காலி திரும்பி வந்தா
எப்பவும் ஒண்ணு கொறையும்.'

அடுப்பில் சோறு குழைந்தது.

பந்தல்காரரிடம் வேலை செய்யும் ஒருவனின் கதை.
லாரியில் எண்ணுகிறான், இறக்கி எண்ணுகிறான்,
படுத்தபின் கூரையைப் பார்த்து எண்ணுகிறான்.
முதலாளி திட்டுவதில்லை.
அதுதான் அவனுக்குப் பயம்.

மூன்று இரவு தட்டெழுதினேன், யாரிடமும் சொல்லாமல்.
அவருக்கு ஒரே ல.
எனக்கு மூன்று.
ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி
இறங்கிப் பார்த்துவிட்டுப் போனேன்.
கடைசிப் பக்கத்தில் 'அது பலி' என்று ஒரு வரி.
இரண்டு நிமிடம் யோசித்து
ழ போட்டேன்.
திருட்டுப் பட்டம் யாருக்கும் வலிக்கும்தானே.

ஜார்ஜ் டவுனில் விழா.
சன்னலில் கொம்தார் தெரிகிற மண்டபம்,
மூன்றில் இரண்டு விசிறி ஓடியது.
முதல் பரிசு வாங்கிய சிங்கப்பூர் அம்மையார்
ஆள் உயரக் காசோலை அட்டையை
எந்த விமானம் ஏற்றும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

'பழி என்ற ஒரே சொல்லில்
கதை தலைகீழாகத் திரும்புகிறது' என்றார் நடுவர்.
'அந்த ழகரத்துக்கே இரண்டாம் பரிசு.'
கைதட்டினார்கள்.
நான் மேடையோரம் பூச்செண்டுகளுக்குத்
தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

சந்தனசாமி ஏறினார். பாத்தேக் சட்டை,
சுத்தியல் பட்டுக் கறுத்த கட்டைவிரல்.
ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள்.
தாளைத் தூரத்தில் பிடித்தார். கிட்டத்தில் பிடித்தார்.
நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டுக்
கதையைச் சொல்லத் தொடங்கினார்.

'செத்தவருக்கும் உக்கார ஒண்ணு வேணுமில்ல.
அது பலி. கோழி அறுக்குறோமே, அந்த மாதிரி.
அதுக்கப்புறம் அவன் எண்ணுறத விட்டுட்டான்.'

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நெடுநேரம் துடைத்தார்.
என்னை யாரும் பார்க்கவில்லை.
யாராவது பார்த்திருக்கலாம்.

தேநீர் நேரத்தில் அவரே வந்தார்.
'இந்த எழுத்துல போட்டது நீங்களாம்.
எங்க, என் பேரு எது?'
காட்டினேன். கறுத்த விரலை
அதன் மேல் வைத்து நகர்த்தினார்.
'சின்னதா இருக்கே' என்றார்.
சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்,
வடைத் தட்டு குறுக்கே வந்தது.
ஒன்றை எடுத்துக்கொண்டு, ரகசியம் போல,
'நூத்தி எம்பது போட்டிருக்கீங்க.
வந்ததும் எண்ணிட்டேன், பழக்கம்' என்றார்.

பெர்ரிக்குக் கூட்டம் கலைந்தபின்
வாடகைக்காரன் வந்து அடுக்கினான்.
நூற்று எழுபத்தொன்பது.
இரண்டாம் முறையும் அதேதான்.
கழிவறை, மாடிப்படி, மழை நின்ற வாசல்
எங்கும் இல்லை.

முன்பணத்தில் பதினெட்டு ரிங்கிட் கழிந்தது.
எந்தத் தலைப்பில் எழுதட்டும் என்றார் பொருளாளர்.
சொன்னேன்.
நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு
'இதரச் செலவு' என்று எழுதிக்கொண்டார்.